விபத்தே நினைவில்லை, பயம் மட்டும் ஏன்? அன்று போட்ட ஊசி காரணமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு பைக் விபத்து நடந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று இரவு அவசர சிகிச்சைப் பிரிவில், விலகிப்போன தோள் மூட்டைச் சரிசெய்ய ஏதோ ஊசி போட்டிருக்கிறார்கள். டாக்டர்கள் கையை இழுத்ததும் தான் கத்தியதும் அவருக்குத் துளிகூட நினைவில்லை. லாரி வந்து உரசியதும் அரைகுறையாகத்தான் தெரிகிறது. ஆனால் பின்னாலிருந்து ஏர் ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறது, சட்டை வியர்வையில் நனைகிறது. "நினைவை அழித்த ஊசி பயத்தை ஏன் விட்டுவைத்தது? இல்லை, ஊசிதான் பயத்தைக் கொண்டுவந்ததா? இப்போது ஒரு மாத்திரை போட்டு அதையும் அழிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதர்களிடம் பயம் நினைவாகப் பதிவதை மருந்துகள் தடுக்குமா, கூட்டுமா, எந்த நேரத்தில் கொடுத்தால் எது நடக்கும் என்பதுதான் இதற்கு அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் மயக்கவியல் மருத்துவன். ஊரில் 'மயக்க ஊசி போடுற டாக்டர்' என்பார்களே, அந்த ஆள். 22 வருடமாக மனிதர்களின் நினைவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பதுதான் என் பிழைப்பு. மனநல மருத்துவன் இல்லை. உங்கள் தம்பியை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் தைரியமாகச் சொல்வேன். அவருக்கு இருப்பதற்குப் பெயர் வைக்கிற வேலை அவரை நேரில் பார்க்கும் மருத்துவருடையது.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். அந்த ஊசி விபத்தை அழித்திருக்க முடியாது. மூட்டை உள்ளே தள்ளும்போது வழக்கமாகக் கொடுப்பது மிடசோலம் என்ற அரைமயக்க மருந்து, அதோடு வலிக்கு ஃபென்டனில். சில இடங்களில் கெட்டமின், சில இடங்களில் புரோபோஃபால். மிடசோலம் ரத்தத்தில் ஏறிய பிறகு நடப்பதுதான் பதியாது. அதற்கு முன் நடந்தது அப்படியே இருக்கும். விபத்துக்கும் ஊசிக்கும் நடுவில் எப்படியும் அரை மணி நேரமாவது போயிருக்கும். அப்படியிருக்க லாரி உரசிய கணமே மங்கலாக இருக்கிறது என்றால், தலையில் பட்ட அடியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஹெல்மெட் போட்டிருந்தாலும் மூளை குலுங்கினால் அதற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் காணாமல் போவது சகஜம். அன்று தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள்.

மிடசோலம் எவ்வளவு விநோதமானது என்பதற்கு நான் பார்த்த ஒரு சம்பவம். ஒரு லாரி கிளீனர் இதேபோல் தோள் விலகி வந்திருந்தார். ஊசி போட்டோம். எலும்பு டாக்டர் கையை இழுத்தபோது மனுஷன் அம்மாவைக் கூப்பிட்டு அலறினார், நடுவில் என்னைத் திட்டவும் செய்தார். மூட்டு 'டக்'கென்று உள்ளே விழுந்தது, கட்டும் போட்டாயிற்று. பத்து நிமிடம் கழித்து என்னைப் பார்த்து, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். நடிப்பு இல்லை. ஆனால் மூன்று வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்க வந்தவர், அதே அறை வாசலில் கால் வைக்கத் தயங்கி நின்றார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இந்த ஒரு ஆளை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. ஊசி போடுவதற்கு முன்பும் அவர் அதே அறையில்தான் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

சம்பவம் நினைவில்லாமல் அதன் பயம் மட்டும் இருக்க முடியுமா? முடியும். இது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவர் 1911-இல் எழுதினார். அவரிடம் இருந்த ஒரு பெண் நோயாளிக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. தினமும் பார்க்கும் டாக்டரைக்கூட ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பார்ப்பார். ஒருநாள் கிளாபரேட் தன் விரல்களுக்கு இடையில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருடன் கைகுலுக்கினார். குத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அது மறந்தும் போயிற்று. அடுத்த முறை டாக்டர் கையை நீட்டியபோது மட்டும் அவர் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால், சிலர் கையில் ஊசியை மறைத்து வைத்திருப்பார்களே என்று பொதுவாக ஏதோ சொன்னாராம். இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதை அனுமதிக்காது, அது வேறு விஷயம்.

இதைச் சரியாக அளந்து காட்டியது 1995-இல் அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஒரு சோதனை. உங்கள் தம்பிக்கு ஹாரன் என்றால் அங்கேயும் ஹாரன்தான். திரையில் வண்ணச் சதுரங்கள் வந்துபோகும்; நீலம் வரும்போது சில முறை காதைப் பிளக்கும் கப்பல் ஹாரன் ஒலிக்கும். பிறகு ஹாரன் இல்லாமல் நீலத்தை மட்டும் காட்டி, உள்ளங்கை வியர்க்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். மூளையில் அமிக்டலா என்ற, பாதாம் பருப்பு அளவிலான பகுதி இருபுறமும் பழுதான ஒரு பெண், எந்த நிறத்துக்கு ஹாரன் வந்தது என்று சரியாகச் சொன்னார். ஆனால் கை வியர்க்கவில்லை. சம்பவங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி பழுதான இன்னொருவருக்குக் கை வியர்த்தது; எந்த நிறம் என்று கேட்டால் தெரியவில்லை. ஆக, நடந்த கதையைச் சொல்ல உதவும் நினைவு ஓரிடத்தில் உருவாகிறது, உடம்பு பதறுவதற்கான நினைவு இன்னோரிடத்தில். இரண்டும் பேசிக்கொள்ளும், ஆனால் ஒன்று இல்லாமலும் மற்றொன்று இருக்கும். உங்கள் தம்பி அந்த இரண்டாவது ஆள் மாதிரி, ஓரளவுக்கு.

ஏன் எல்லா ஹாரனுக்கும் நடுங்குகிறார் என்பதற்கும் விடை இதில்தான். அமிக்டலாவுக்கு விவரம் தேவையில்லை. எந்த லாரி, எந்தத் திருப்பம், எத்தனை மணி என்பதெல்லாம் ஹிப்போகாம்பஸின் கணக்கு. அந்த விவரம் சரியாகப் பதியாமல் பயம் மட்டும் பதிந்தால், அது பிடிமானம் இல்லாமல் எதன் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னவர் மூளையைத் திறந்து பார்க்கவில்லை, ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அடிபட்ட கணத்தில் மூளை குலுங்கியிருந்தாலும் பயம் பதிய முடியும் என்பதற்கு மருத்துவத்தில் உதாரணங்கள் உண்டு. உங்கள் தம்பியிடம் நடந்ததும் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு மிகவும் பொருந்தி வருகிற விளக்கம் அது, அவ்வளவுதான்.

சரி, மருந்துக்கு வருவோம். ஒரு நினைவு நடந்த நொடியிலேயே கல்லில் செதுக்கியது மாதிரி ஆகிவிடுவதில்லை. சிமென்ட் பூசினால் இறுகுவதற்கு நேரம் எடுப்பதுபோல அதற்கும் சில மணி நேரம் தேவை. பயந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாய்கிறது. அது மூளைக்குள் நேராக நுழையாது; வேகஸ் நரம்பு வழியாகச் சேதி போய், மூளைக்குள் நார்அட்ரினலின் சுரக்கிறது. அது அமிக்டலாவைத் தட்டி எழுப்ப, அமிக்டலா 'இது முக்கியம், கெட்டியாக வை' என்று மற்றப் பகுதிகளுக்குச் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் மக்கா பல பத்தாண்டுகள் எலிகளை வைத்துக் கண்டுபிடித்த சங்கிலி இது. பதினைந்து வருடத்துக்கு முன் சாப்பிட்ட மத்தியானச் சோறு மறந்துபோய், அதே வருடம் நாய் துரத்தியது மட்டும் நினைவிருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தச் சங்கிலியில் நார்அட்ரினலினைத் தடுத்தால் என்ன ஆகும்? தடுப்பதற்கு மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது: புரோப்ரனலால். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற பழைய, மலிவான மாத்திரை. 1994-இல் லாரி கேஹிலும் மக்காவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களுக்குப் படங்களோடு ஒரு கதை: அம்மாவும் பையனும் அப்பா வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஒரு குழுவுக்குச் சொன்ன கதையில் வழியில் பையன் மேல் கார் மோதிவிடுகிறது. இன்னொரு குழுவுக்குச் சொன்னதில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், விபத்துக் கதை கேட்டவர்களுக்கு அந்தப் பகுதி மட்டும் நன்றாக நினைவிருந்தது. ஆனால் கதைக்கு முன்னால் புரோப்ரனலால் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் பளிச் இல்லை. சாதாரணக் கதையின் நினைவு கொஞ்சமும் குறையவில்லை. இன்னொரு அழகான சான்று 1998-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. நடலால் என்பது அதே குடும்பத்து மாத்திரை, ஆனால் மூளைக்குள் எளிதில் போகாது. அது இதயத்துடிப்பைக் குறைத்தது, நினைவைத் தொடவில்லை. மருந்து மூளைக்குள் போனால்தான் வேலை நடக்கிறது என்பது இதனால் தெரிந்தது.

இதை வைத்துத்தான் பலருக்கு ஆசை வந்தது. விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு உடனே இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் பயத்தைத் தடுத்துவிடலாமே? 2002-இல் பாஸ்டனில் ரோஜர் பிட்மன் குழு, சம்பவம் நடந்து 6 மணி நேரத்துக்குள் 40 மில்லிகிராம் என்று ஆரம்பித்து நாளுக்கு நான்கு முறை, 10 நாள் கொடுத்துப் பார்த்தது. முதல் முடிவு நம்பிக்கை தந்தது. மூன்று மாதம் கழித்து விபத்தைப் பற்றிப் படித்துக்காட்டியபோது மருந்து எடுத்தவர்களின் உடம்பு பதறுவது குறைவாக இருந்தது. ஆனால் ஆட்கள் மிகக் கொஞ்சம். 2007-இல் 48 பேரை வைத்து வேறொரு குழு செய்தபோது பலன் இல்லை. 2012-இல் பாஸ்டன் குழுவே அதிக அளவு மருந்தோடு மறுபடி செய்தபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் ஊகம் இதுதான்: பரிசோதனைக் கூடத்தில் மாத்திரை சம்பவத்துக்கு முன்னால் போகிறது. நிஜ வாழ்க்கையில் ஆம்புலன்ஸ் வந்து, பெயர் பதிந்து, எக்ஸ்ரே எடுத்து, மாத்திரை வயிற்றில் கரைவதற்குள் சிமென்ட் பாதி இறுகிவிடுகிறது. ஆகவே 'அன்று இரவே அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால்' என்று நீங்கள் மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது தூக்க மாத்திரைகள். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். விபத்தோ சாவோ நடந்த வீட்டில் யாராவது ஒருவர் பையில் அல்ப்ரசோலம் வைத்திருப்பார். "ஒண்ணு போட்டுப் படு, எல்லாம் மறந்துடும்" என்பார். மிடசோலம், அல்ப்ரசோலம், டயசெபம் எல்லாம் ஒரே குடும்பம். நான் முன்பு சொன்ன அதே விதி இவற்றுக்கும்: போட்ட பிறகு நடப்பதை மங்கச் செய்யும், ஏற்கெனவே நடந்ததை அழிக்காது. சொல்லப்போனால் தலைகீழாகவும் நடக்கும். டயசெபத்துக்குச் சற்றுமுன் படித்த வார்த்தைப் பட்டியல், மாத்திரை போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது என்று சோதனைகள் உண்டு. மாத்திரைக்குப் பின் புதிதாக எதுவும் பதியாததால், முன்னால் பதிந்ததோடு போட்டிக்கு ஆள் இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வார்த்தைப் பட்டியல் வேறு, விபத்து வேறு. ஆனால் 1996-இல் இஸ்ரேலில் இந்த மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்த 13 பேரையும் கொடுக்காத 13 பேரையும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கொடுத்தவர்களில் 9 பேருக்கும் கொடுக்காதவர்களில் 2 பேருக்கும் பிடிஎஸ்டி எனும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தது. சின்ன ஆய்வுதான், யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்ததும் இல்லை. ஆனாலும் அதற்குப் பின் வந்தவை இதை மாற்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல், அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் மன உளைச்சலைக் குறைக்க இந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்லிவிட்டது.

அப்படியானால் உங்கள் தம்பிக்குப் போட்ட மிடசோலம் தப்பா? இல்லை. மூட்டை இழுக்கும் அந்தப் பத்து நிமிட வலியை அவர் நினைவில் சுமக்காமல் இருக்க ஒரே ஒரு முறை போட்டது அது. இரவுக்கு இரவு வாரக்கணக்கில் விழுங்குவதும் இதுவும் ஒன்றில்லை. அந்த ஒரு ஊசிதான் பயத்தை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

குடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நண்பர்கள் "ஒரு குவார்ட்டர் போட்டா சரியாயிடும்" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். மதுவும் தூக்க மாத்திரை போலத்தான்: குடித்த பின் நடப்பது மறக்கும், குடிக்கத் தூண்டிய சம்பவம் மறக்காது.

வலி மருந்துகளின் கதை வேறு. 2010-இல் வந்த ஆய்வு ஒன்று, இராக்கில் காயம்பட்ட 696 அமெரிக்கக் கடற்படை, மரைன் வீரர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. பின்னாளில் பிடிஎஸ்டி வந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கும், வராதவர்களில் 76 சதவீதம் பேருக்கும் அடிபட்டவுடன் மார்ஃபின் கிடைத்திருந்தது. வலியை உடனே அடக்கினால் பயம் ஆழமாக இறங்குவது குறையலாம் என்று இது சொல்கிறது. ஆனால் இது பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது, சோதித்து நிரூபித்தது இல்லை. மார்ஃபின் நேராக நார்அட்ரினலினைக் குறைத்ததா, அல்லது வலி இல்லாததால் மூளை 'இது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை' என்று எடுத்துக்கொண்டதா என்பது பிரியவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் என்று தோன்றுகிறது. இதைப் படித்த பிறகு அவசரப் பிரிவில் வலி ஊசியைத் தள்ளிப்போடுவதை நான் நிறுத்திவிட்டேன். முதலில் எக்ஸ்ரே, அப்புறம் ஊசி என்ற பழைய பழக்கம் எனக்கு இப்போது கொடுமையாகத் தெரிகிறது.

கெட்டமினில் சான்றுகளே ஒன்றையொன்று மறுக்கின்றன. நம் ஊர் மருத்துவமனைகளில் அது தவிர்க்க முடியாத மருந்து. மூச்சை நிறுத்தாது, ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தாது. ஆனால் எழும்போது சிலர் கூரை உருகுவதாகவும் தான் செத்துவிட்டதாகவும் பார்ப்பார்கள். ஜெர்மனியில் 2005-இல் விபத்துக்குப் பின் கெட்டமின் பெற்றவர்களுக்கு மன அழுத்த அறிகுறிகள் அதிகம் என்றார்கள். 2008-இல் தீக்காயம்பட்ட அமெரிக்க ராணுவத்தினரைப் பார்த்தவர்கள், ஆபரேஷனின்போது கெட்டமின் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 46 சதவீதம் பேருக்கும் பிடிஎஸ்டி என்றார்கள். அளவு, நேரம், கூடவே கொடுத்த மருந்து எல்லாம் வேறு வேறு. உங்கள் தம்பிக்குக் கொடுத்தது கெட்டமின் என்று சம்மரியில் இருந்தால், அதை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: கார்டிசால். மன அழுத்த ஹார்மோன் என்று எல்லோரும் திட்டுகிற பொருள். மியூனிக்கில் குஸ்டாவ் ஷெல்லிங் என்ற மயக்கவியல் மருத்துவர், எங்கள் ஆள் என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிருமித் தாக்குதலால் ரத்த அழுத்தம் சரிந்து கிடந்தவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்ததை 2001-இல் எழுதினார். பிழைத்தவர்களில் அந்த மருந்து பெற்றவர்களுக்குப் பின்னாளில் பயக் கனவுகளும் பிடிஎஸ்டியும் குறைவாக வந்தன. மொத்தம் 20 பேர்தான். பிறகு சுவிட்சர்லாந்தில் உயரத்துக்குப் பயப்படும் 40 பேருக்கு, சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன் 20 மில்லிகிராம் கார்டிசால் கொடுத்தபோது பயம் இன்னும் நன்றாகத் தணிந்தது. கார்டிசால் பழைய பய நினைவை வெளியே எடுப்பதைக் கடினமாக்கி, புதிதாகக் கற்பதைச் சுலபமாக்குகிறது என்பது விளக்கம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: இறுகிவிட்ட பயத்தை இப்போது அழிக்க முடியுமா? 2000 வரை பாடப்புத்தகம் 'முடியாது' என்றது. அந்த வருடம் நியூயார்க்கில் கரீம் நாதர், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளை வைத்து ஒரு விஷயம் காட்டினார்கள். ஒரு சத்தம் கேட்டால் மின்அதிர்ச்சி வரும் என்று எலி கற்றுக்கொண்டு இரண்டு வாரம் ஆனபின், சத்தத்தை ஒரு முறை கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், எலி பிறகு அந்தச் சத்தத்துக்குப் பயப்படவில்லை. சத்தத்தைக் கேட்கவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் பலனில்லை. ஆறு மணி நேரம் தாமதித்தாலும் பலனில்லை. அதாவது பயத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது கொஞ்ச நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது.

அந்த மருந்து மனிதர்களுக்குக் கொடுக்கக்கூடியது இல்லை. ஆம்ஸ்டர்டாமில் மெரல் கிண்ட் குழு 2009-இல் அதற்குப் பதிலாக நம்ம புரோப்ரனலாலை எடுத்துக்கொண்டது. சிலந்திப் படத்தோடு சின்ன மின்அதிர்ச்சி. மறுநாள் 40 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, அந்தப் படத்தை ஒரு முறை காட்டி நினைவூட்டல். மூன்றாம் நாள் சோதனை. மாத்திரை பெற்றவர்களுக்குத் திடீர்ச் சத்தத்தில் கண் சிமிட்டும் திடுக்கிடல் போயே போய்விட்டது. "எந்தப் படத்துக்கு அதிர்ச்சி வரும்?" என்றால் சரியாகச் சொன்னார்கள். பயம் போயிற்று, தகவல் நின்றது. உங்கள் தம்பியின் நிலைக்கு நேர் எதிர்! 2015-இல் நிஜமாகவே சிலந்திக்கு அலறுகிறவர்களை இரண்டு நிமிடம் பெரிய சிலந்தி முன் நிற்கவைத்து மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் அவர்கள் சிலந்தியைத் தொட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் அப்படியே.

இதோடு நிறுத்தினால் நான் மாத்திரை விற்கிறவன் ஆகிவிடுவேன். மற்றவர்கள் திரும்பச் செய்தபோது பல முறை இது கிடைக்கவில்லை. கிண்ட் தானே பங்கெடுத்த 2017 ஆய்வு ஒன்றிலும் கிடைக்கவில்லை, அதை அவரே வெளியிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அதனால்தான். நினைவூட்டல் மிகக் குறைவாக இருந்தால் நினைவு இளகாது; நீண்டுபோனால் பழையது இளகாமல், அதன் மேல் புதுப் பாடம் கற்பதாக மாறிவிடும்; நடுவில் சரியான அளவு எது என்று ஆளைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பரிசோதனைக் கூடத்தில் நேற்றுக் கற்றுத்தந்த பயமும், வருடக்கணக்கில் ஊறிய பயமும் ஒன்றாக இளகுமா என்பதும் விவாதத்தில்தான் இருக்கிறது. கனடாவில் அலன் புருனே 2018-இல் பிடிஎஸ்டி உள்ள 60 பேரை வாரம் ஒரு முறை, ஆறு வாரம், மாத்திரை போட்டபின் தங்கள் சம்பவத்தை எழுதிப் படிக்கவைத்தார். போலி மாத்திரை பெற்றவர்களைவிடப் பலன் தெரிந்தது. 2015 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் பாரிஸிலும் இந்த முறையைக் கொண்டுபோனார்கள். நம்பிக்கை தருகிறது, இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

அழிக்காமல், புதிதாகக் கற்பதற்குக் கைகொடுக்கும் மருந்துகள் தனி. ஹாரன் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை திரும்பத் திரும்பக் கற்றால், பழைய பயத்தின் மேல் புதுப் பாடம் வந்து உட்காரும். பழையது கீழே இருக்கவே செய்யும். அதனால்தான் ஆறிய பயம் சில சமயம் திரும்பி வருகிறது. இந்தக் கற்றலைத் துரிதப்படுத்த முயன்றது சைக்ளோசெரின். ஆமாம், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். 2004-இல் அட்லாண்டாவில் உயரப் பயம் உள்ள 28 பேரைக் கணினி காட்டும் கண்ணாடி லிஃப்டில் ஏற்றி, அதற்குமுன் இதைக் கொடுத்தபோது இரண்டே அமர்வில் நல்ல முன்னேற்றம். ஊரெல்லாம் பேச்சு. 2017-இல் 1047 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் மிகச் சின்னது. இன்னொரு பாடமும் கிடைத்தது: பயம் தணியாமலே அமர்வு முடிந்தால், மருந்து அந்தப் பயத்தையே கெட்டியாக்கிவிடக்கூடும். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, எதைக் கற்றோமோ அதைப் பதியவைக்கும்.

எம்டிஎம்ஏ பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள்; எக்ஸ்டஸி என்ற போதைப்பொருளாகத் தெரிந்த அதை, பிடிஎஸ்டிக்குப் பேச்சு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து குறிப்பிட்ட மனநல மருத்துவர்கள் மட்டும் பரிந்துரைக்க அனுமதித்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் அனுமதி மறுத்தது. நமக்கு இப்போது அது பேச்சளவில்தான்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இதுதான். மூன்று மாதம் கடந்தும் உடம்பு பதறுகிறது என்றால் தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சையும், பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கவைக்கும் முறையும்தான் இதில் மிக நன்றாக நிரூபணமானவை. மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவை. அவை நினைவை அழிக்காது, பதற்றத்தின் மட்டத்தை இறக்கும். ஊரில் பயந்த பிள்ளைக்குப் பாடம் போடுவார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள்; அதில் மனசு தெம்பாகிறது என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். டாக்டரிடம் போவதற்குப் பதிலாக அது வேண்டாம், அவ்வளவுதான்.

புரோப்ரனலாலை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் அது மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். தினமும் எடுப்பவர் திடீரென்று நிறுத்துவதும் இதயத்துக்கு நல்லதில்லை. தம்பி இந்த மூன்று மாதமாகத் தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். படிப்படியாகக் குறைக்க டாக்டர் சொல்லித்தருவார்.

கடைசியாக என் துறை சார்ந்து ஒன்று. தோளுக்கு மறுபடி ஆபரேஷன் வந்தால், மயக்க டாக்டர் முந்தின நாள் பார்க்க வரும்போது இந்த ஹாரன் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆண்பிள்ளை இதைச் சொல்வதா என்று பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பயம் உள்ளவர்கள் மயக்கம் தெளியும்போது கலவரப்பட்டு எழுவது மற்றவர்களைவிட அதிகம். முன்கூட்டித் தெரிந்தால் நான் மருந்தை மாற்றிக்கொள்வேன், எழுப்பும் நேரத்தில் மானிட்டர் அலாரத்தின் சத்தத்தைத் தணித்துவைப்பேன், முடிந்தால் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவும் சொல்வேன்.